பட்டணம் வளர்ந்த கதையும் விளக்கு எரிந்த கதையும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் வாழ்த்துரையும், பரிசு பெற்றோர் பட்டியலும், பிள்ளைகளின் கவிதையும் நிறைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சரித்திரக் கட்டுரைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். சரித்திரம் என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் தேட வேண்டாம். நம்ம வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரச் சுவிட்சுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தட்டியவுடன் வெளிச்சம் வருகிறது. அந்த வெளிச்சம் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, யாருக்கு முதலில் கிடைத்தது, யாருக்குக் கடைசியில் கிடைத்தது என்று நாம் கேட்பதே இல்லை. கேட்டுப் பார்த்தால், நம் நாடு பட்டணமான கதையும், தோட்டத்துச் சனம் பட்டணத்துக்குப் போன கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஈய லம்பத்தில் தொடங்கியது

மலாயாவில் மின்சாரம் முதலில் வந்தது அரண்மனைக்கும் அல்ல, வீட்டுக்கும் அல்ல. 1894-ஆம் ஆண்டு சிலாங்கூரில் ரவாங் என்ற ஊரில் ஓர் ஈய லம்பத்துக்கு வந்தது. கொண்டு வந்தவர்கள் இருவர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் யூ. மற்றொருவர் நம் இனத்தவரான கா. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் அவர் பெயரை நாம் சேர்த்துச் சொல்வது வழக்கம். மின்சாரத்தோடும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

லம்பத்துக்கு மின்சாரம் எதற்கு? ஈயம் எடுக்கப் பள்ளம் தோண்டுவார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறி நிறைந்துவிடும். அதை ஆள் வைத்து இறைத்து மாளாது. பம்பு ஓட்ட ஒரு சக்தி வேண்டும். அதற்குத்தான் மின்சாரம். ஆகவே, நம் நாட்டில் மின்சாரம் முதலில் தொழிலுக்கு வந்தது. மனிதனுக்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு, 1895-இல், கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு விளக்கு வந்தது. 1900-இல் பகாங் மாநிலத்து ரவுப்பில் தங்கச் சுரங்கக் கம்பெனி ஒன்று செம்பாம் ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தது. 1904-இல் பினாங்கு நகராட்சி தன் நகர மக்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1930 வாக்கில் பேரா ஆற்றில் செண்டெரோ அணை எழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்குத்தான் அதன் மின்சாரம் பெரும்பாலும் போனது. சிலாங்கூரில் பத்து ஆராங்கில் வெட்டிய நிலக்கரி ரயிலுக்கும், லம்பத்துக்கும், மின்நிலையத்துக்கும் போனது. அந்தச் சுரங்கம் 1960-இல் மூடப்படும் வரை, அங்கே கரி வெட்டியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

தலைக்கு மேலே போன கம்பி

அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் சக்தி எதிலிருந்து வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். முதலில் உடம்பிலிருந்து வந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தார்கள். அடுத்தது விறகு. பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம்தான் லயத்து அடுப்பில் எரிந்தது. அதே விறகுதான் ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்டது. இரவுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு குடும்பம் வாழ்வதற்குத் தேவையான சக்தி ஏறக்குறைய முழுவதும் நடந்து போகிற தூரத்துக்குள்ளேயே கிடைத்தது. துரை பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் இஞ்சின் கரண்டு உண்டு. லயத்துக்கு அது பல தோட்டங்களில் வெகுநாள் கழித்து வந்தது. வந்த பிறகும் மாலையில் சில மணி நேரம்தான். இரவு ஒன்பது, பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிட்டால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்கைத்தான் தேட வேண்டும்.

1949 செப்டம்பர் முதல் தேதி மத்திய மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. 1963-இல் கேமரன் மலைத் தண்ணீரைக் குகைவழியாக இறக்கி, ஜோர் என்ற இடத்தில் 100 மெகாவாட் மின்சாரம் எடுத்தார்கள். அந்த வாரியமே 1965-இல் தேசிய மின்சார வாரியமானது. பெரியவர்கள் எல்.எல்.என். என்று சொல்வது அதைத்தான். 1990 செப்டம்பரில் அது தெனாகா நேஷனல் என்னும் கம்பெனியாக மாறியது.

இந்த நிலையங்களிலிருந்து பெரிய இரும்புக் கோபுரங்களில் கம்பி இழுத்தார்கள். ரப்பர்க் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் மேலாகத்தான் அவை போயின. கம்பிக்குக் கீழே நின்று நம்மவர்கள் வேலை செய்தார்கள். ஆனால், அந்தக் கம்பியில் போன மின்சாரம் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் போனது. தலைக்கு மேலே கம்பி, வீட்டுக்குள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. பல தோட்டங்களில் இதுதான் நிலைமை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வளரும் நாடுகள் பலவற்றில் நடந்தது இதுதான்: சக்தி காட்டிலும் மலையிலும் ஆற்றிலும் பிறக்கிறது, பட்டணத்தில் செலவாகிறது.

தோட்டம் பட்டணமான காலம்

1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துயரத்தைக் கண்டுதான். ஆனாலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் ஏராளம்.

1970-களில் இன்னொரு கதவு திறந்தது. 1972 வாக்கில் பினாங்கில் பாயான் லெப்பாசிலும் சிலாங்கூரில் சுங்கை வேயிலும் சுதந்திர வாணிப வட்டாரங்கள் ஏற்பட்டன. எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தன. விடியற்காலையில் பேக்டரி பஸ் தோட்டத்து வாசலில் வந்து நிற்கும். அம்மா பால்மரத்துக்குப் போக, மகள் பேக்டரிக்குப் போன காலம் அது.

மூன்றாவதாக, பட்டணமே தோட்டத்தைத் தேடி வந்தது. பெட்டாலிங் ஜெயா 1950-களின் தொடக்கத்தில் எபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா 1976-இல் சீபீல்டு தோட்டத்தில் எழுந்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா 1995 முதல் பிராங் பெசார் தோட்டத்து நிலத்தில் கட்டப்பட்டது. நம் முன்னோர் காடழித்து நட்ட மண்ணிலேதான் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன என்றால் மிகையாகாது.

கணக்கைப் பாருங்கள். 1970-இல் மலேசிய மக்கள் சுமார் 1 கோடியே 4 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 28 பேர்தான் பட்டணவாசிகள். 1991-இல் பாதிப் பேர் பட்டணத்தில் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 3 கோடியே 24 லட்சம். அதில் நூற்றுக்கு 75 பேர் பட்டணவாசிகள். அதாவது, ஐம்பது ஆண்டில் மக்கள் தொகை மூன்று மடங்கானது. பட்டணத்துச் சனமோ ஏறக்குறைய எட்டு மடங்கானது.

மின்சாரம் எத்தனை மடங்கானது? தீபகற்பத்தில் ஒரே நேரத்தில் தேவைப்படும் உச்ச அளவு 2020-இல் 18,000 மெகாவாட்டைத் தாண்டியது. கேமரன் மலையின் அந்த ஜோர் நிலையத்தைப் போல 180 நிலையங்கள் ஒரே நேரத்தில் ஓடினால்தான் அந்த அளவு கிடைக்கும்!

பட்டணம் ஏன் இவ்வளவு தின்கிறது?

ஆள் கூடினால் செலவு கூடும். ஆனால், ஆள் கூடியதைவிடச் செலவு வேகமாகக் கூடியிருக்கிறதே, ஏன்? காரணங்கள் நான்கு.

முதற்காரணம், கட்டுவது. லயத்து வீடு பலகையும் தகரமுமாக இருந்தது. பட்டணம் சிமெண்டாலும் இரும்பாலும் கண்ணாடியாலும் ஆனது. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். இரும்பையும் உருக்க வேண்டும். ஒரு கட்டடத்தில் முதல் விளக்கு எரிவதற்கு முன்னாலேயே, அதற்காக எங்கோ ஒரு சூளை எரிந்து முடிந்திருக்கிறது.

இரண்டாவது, போய்வருவது. தோட்டத்தில் வேலைக்கு நடந்து போனார்கள்; அல்லது சைக்கிள். பட்டணத்தில் வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. நம் நாட்டில் பதிவான வாகனங்கள், மோட்டார் சைக்கிளையும் சேர்த்து, இன்று 3 கோடியைத் தாண்டிவிட்டன. நாட்டில் செலவாகும் எரிசக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக்குவரத்துக்கே போகிறது. காலையில் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கிற கார், ஓர் அடிகூட நகராமல் எண்ணெய் குடிக்கிறது.

மூன்றாவது, குளிர வைப்பது. பழைய பட்டணங்கள் இப்படி இல்லை. ஈப்போ, தைப்பிங், ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைப் போய்ப் பாருங்கள். வாசலில் அஞ்சடி நிழல், நடுவில் வானம் பார்த்த முற்றம், உயரமான கூரை. காற்று தானே உள்ளே வந்து தானே வெளியே போகும். கம்பத்து மலாய் வீட்டைத் தூண் மேல் உயர்த்திக் கட்டியதும் காற்றுக்காகத்தான். நாம் என்ன செய்தோம்? குளிர் நாட்டுக் கண்ணாடிக் கட்டடத்தை வெயில் நாட்டில் கட்டிவிட்டு, உள்ளே ஏர்கண்டிஷன் போட்டோம். அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. தாரும் சிமெண்டும் பகல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் கக்குகின்றன. ஆகவே, பட்டணம் சுற்றியுள்ள தோட்டத்தைவிடச் சூடாக இருக்கிறது. சூடு கூடினால் இன்னும் ஏர்கண்டிஷன். நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான்!

நான்காவது, வருமானம். கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் காற்றாடி, பிறகு டெலிவிஷன், பிறகு ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம். இது குற்றமா? இல்லவே இல்லை. விறகுப் புகையில் கண் கலங்கிய அம்மாவுக்குக் காஸ் அடுப்பு வந்தது ஒரு விடுதலை. இதை யாரும் குறை சொல்லக் கூடாது.

எண்ணெய், காஸ், மறுபடியும் கரி

இவ்வளவு சக்திக்கு எங்கே போவது? 1970-களின் கடைசியில் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு எண்ணெயை எரித்துத்தான் வந்தது. 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. 1979-இல் மறுபடியும் ஏறியது. ஒரே பொருளை நம்பினால் ஆபத்து என்று கண்ட அரசாங்கம், 1981-இல் எண்ணெய், தண்ணீர், காஸ், நிலக்கரி ஆகிய நான்கையும் பயன்படுத்தும் கொள்கையை வகுத்தது. திரங்கானு கடற்பகுதியிலிருந்து காஸ் குழாய்வழி வந்தது. 1980-களின் நடுவில் கென்யிர் அணையிலிருந்து 400 மெகாவாட் கிடைத்தது. பேராவில் தெமெங்கோர் அணை அதற்கு முன்பே வந்திருந்தது. அந்த ஏரி நிரம்பியபோது அங்கே காட்டில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள் தங்கள் இடத்தை விட்டுப் பெயர வேண்டியிருந்தது. பட்டணத்து வெளிச்சத்துக்காக இடம் விட்டவர்கள் தோட்டத்து மக்கள் மட்டுமல்லர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பிறகு நிலக்கரி மறுபடியும் வந்தது. இப்போது வெட்டுவது பத்து ஆராங்கில் அல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நாம் சுவிட்சைத் தட்டுகிற போது எரிவதில் ஒரு பங்கு அந்நிய மண்ணின் கரி.

இப்படிக் கட்டிய அமைப்பு எவ்வளவு நொய்யது என்பதை 1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி கண்டோம். மாலை ஐந்து மணிக்கு மேல், திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்துக்கு அருகே ஒரு கம்பித்தடத்தில் கோளாறு. அது ஒன்றன்பின் ஒன்றாகப் பரவித் தீபகற்பம் முழுவதும் இருண்டது. பல மணி நேரம் தெரு விளக்கும் இல்லை, லிப்டும் இல்லை. மாடிக்கட்டடங்களில் மேலே தண்ணீர் ஏற்றும் பம்பும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது! லயத்தில் இஞ்சின் நின்றால் விளக்கு மட்டும் அணையும். பட்டணத்தில் கம்பி அறுந்தால் தண்ணீர்கூட வராது. இதுதான் பட்டண வாழ்வின் பலமும் பலவீனமும்.

பட்டணத்தின் மேல் மட்டும் பழி போடலாமா?

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் தோட்டமே மேல், பட்டணம் தீது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். நேர்மையாகப் பார்த்தால் பட்டணம் எல்லாவற்றிலும் ஊதாரி அல்ல. திறந்த விறகடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகிறது. பானைக்குச் சேருவது சிறு பங்குதான். காஸ் அடுப்பில் ஏறக்குறைய பாதி பானைக்குச் சேர்ந்துவிடும். நூறு வீட்டுக்கு ஒரே கட்டடத்தில் கம்பி இழுப்பது, நூறு கம்பத்துக்கு இழுப்பதைவிடச் சிக்கனம். ஒரு ரயிலில் ஆயிரம் பேர் போவது, ஆயிரம் காரில் போவதைவிட எவ்வளவோ சிக்கனம்.

ஆகவே, நான் சொல்ல வருவது ஒன்றுதான். பட்டணம் வளர்வதால் மட்டும் சக்திச் செலவு எல்லை மீறுவதில்லை. அதை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு அருகே வேலையும், பள்ளியும், பஸ்ஸும் இருந்தால் பட்டணம் சிக்கனமானது. நெடுஞ்சாலை ஓரமாகத் தமான் தமானாக விரித்துக்கொண்டே போனால் அது எண்ணெய் குடிக்கிற பூதம். நாம் முதலில் விரித்துவிட்டோம். ரயிலைப் பிறகுதான் போட்டோம். மின்சாரக் கொம்யூட்டர் ரயில் 1995-இல் வந்தது. எல்.ஆர்.டி. 1996-இல் வந்தது. எம்.ஆர்.டி. 2016-இன் கடைசியில்தான் ஓடத் தொடங்கியது. அதற்குள் இரண்டு தலைமுறை காருக்குப் பழகிவிட்டது.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணமும் உண்டு. 2010-இல் புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்துக்கு 'வைரக் கட்டடம்' கட்டினார்கள். தலைகீழ் கூம்பு போல அதன் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல் தரும். அஞ்சடி தந்த அதே நிழல்தான்! பழைய அறிவைப் புதிய கட்டடத்தில் வைத்தால் மின்சாரம் மிச்சமாகிறது.

நமக்கு என்ன பாடம்?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். 60 வாட் காற்றாடி இரவு 8 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 30 நாளில் 14 யூனிட் சொச்சம். 900 வாட் ஏர்கண்டிஷன் அதே 8 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஓர் இரவுக்கு 7 யூனிட்டுக்கு மேல். 30 நாளில் 216 யூனிட். பதினைந்து காற்றாடியின் செலவு ஓர் ஏர்கண்டிஷன்! இன்று இரவே உங்கள் வீட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் குறித்து, கழித்துப் பாருங்கள். கழித்தல் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. அப்பா அம்மாவுக்கும் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

பெற்றோர்களே, பட்டணத்தில் வீடு தேடும்போது வாடகையை மட்டும் பார்த்துவிடாதீர்கள். பஸ்ஸும் ரயிலும் எவ்வளவு பக்கம், பள்ளி எவ்வளவு பக்கம் என்றும் பாருங்கள். வாடகையில் மிச்சம் பிடித்த ஐம்பது வெள்ளி, மாதக் கடைசியில் பெட்ரோலில் நூறு வெள்ளியாகப் போய்விடும். ஐஸ்பெட்டியோ ஏர்கண்டிஷனோ வாங்கும்போது அதில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் என்று பொருள். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

தோட்டத்துப் பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். லயத்துக்கு முதன்முதலில் கரண்டு வந்த நாளைப் பற்றி உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எத்தனை மணி நேரம், யார் வீட்டில் முதலில் எரிந்தது என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதி வைக்கட்டும். மின்நிலையத்தின் சரித்திரத்தை எழுத அதிகாரிகள் இருக்கிறார்கள். லயத்து விளக்கின் சரித்திரத்தை நாம்தான் எழுத வேண்டும்.

1894-இல் ரவாங்கில் வந்த மின்சாரம் முதலில் தொழிலுக்கு வந்தது, பிறகு பட்டணத்துக்கு, கடைசியில்தான் தொழிலாளிக்கு என்று கண்டோம். இனி கட்டப்போகும் பட்டணங்களில் இந்த வரிசை மாற வேண்டும். அதை மாற்றப் போகிறவர்கள் இன்று இந்தப் பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். கட்டட வரைஞராக, மின்பொறியாளராக, நகராட்சி அலுவலராக, நல்ல மின்தொழிலாளியாக நீங்கள் வர வேண்டும். வரும்போது, கம்பிக்குக் கீழே இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பதிலிருந்து அது தொடங்கட்டும்.

பரிசு பெற்ற மாணவர்களுக்கு என் பாராட்டு. அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கு என் வாழ்த்து.